கூரையைத் தொடாமல் துடைத்த கார்

கார் கழுவும் நிலையத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கு எழுதுகிறேன். போன மாதம் உங்கள் இடத்துக்கு வந்து அரை நாள் கதிரையில் இருந்தேன். மரப் பிசின் எடுப்பது எப்படி என்று பத்து நிமிடம் பேசினால் போதும் என்றுதான் என்னைக் கூப்பிட்டிருந்தார்கள். பேசினேன். நீங்களும் கைதட்டினீர்கள். வீட்டுக்கு வந்த பிறகுதான் மனம் அரிக்கத் தொடங்கியது. சொன்னதில் பிழை இல்லை. சொல்லாமல் விட்டது பெரிது.

அன்று நான் இருந்த நேரத்தில் பிசின் பிடித்த கார்கள் நாலு வந்தன. நாலுக்கும் ஒரே டப்பாவை எடுத்து அடித்தீர்கள், ஒரே துணியால் தேய்த்தீர்கள். கார் எந்த மரத்துக்குக் கீழே நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். எண்ணுவது என் வியாதி. பல்கலைக்கழகத்துக்கு நாலு புள்ளி குறைந்து கராஜுக்கு வேலைக்குப் போனவன் நான். அந்த நாலு புள்ளியை எண்ணத் தொடங்கியது இன்னும் நிற்கவில்லை.

பத்து நிமிடத்தில் சொன்னதை இங்கே சுருக்கமாகத் திருப்பிச் சொல்லிவிடுகிறேன். வேப்பம் பிசின் தண்ணீருக்கு இளகும். ஈரச் சாக்கைப் போட்டுப் பொறுத்திருந்தால் தானாகக் கழன்று வரும். பலாப்பால் தண்ணீருக்கு அசையாது, எண்ணெய் வேண்டும். மாம்பால்தான் பொல்லாதது. ஒட்டுவதோடு நிற்காமல் பெயின்றையும் சுடும். ஒட்டியதை எடுக்கலாம், சுட்ட வடு இருக்கும். அதைக் காரின் சொந்தக்காரரிடம் முதலே சொல்லிவிட வேண்டும். பிளேட், கத்தி, சாம்பல் எதுவும் கிட்டப் போகக் கூடாது. வேலை தெரிந்தவன் கை குறைவாக அசையும்.

இனி, சொல்லாமல் விட்டது.

நான் எண்பத்து நாலில் இணுவிலில் ஒரு கராஜில் சேர்ந்தேன். கார்களுக்குப் பெயின்ற் அடிக்கிற இடம். அதன் சொந்தக்காரரை முதலாளி என்றே கடைசிவரை கூப்பிட்டேன், இங்கேயும் அப்படியே இருக்கட்டும். அவர் கொழும்பில் கடை வைத்திருந்தவர். எண்பத்து மூன்றுக் கலவரத்தில் அந்தக் கடை எரிந்தபோது உள்ளே ஒன்பது கார்கள் நின்றனவாம். எட்டு மற்றவர்களுடையவை. ஊருக்கு வந்த பிறகும் அந்த எட்டுப் பேரின் முகத்தைப் பற்றித்தான் கதைப்பார், தன்னுடைய ஒன்றைப் பற்றி ஒரு நாளும் கதைத்ததில்லை. கொழும்பில் அவர் பளபளப்புக்குப் பேர் போனவர். அவர் முடித்து அனுப்பிய கார்க் கதவில் முகம் பார்த்துத் தலை சீவலாம் என்பார்கள். அப்படிப்பட்டவர் ஊரில் கார்களை மங்கலாக விட வேண்டி வந்த கதையைத்தான் சொல்லப் போகிறேன்.

காரை மரத்துக்குக் கீழே விடாதே என்று நீங்கள் வாடிக்கையாளருக்குப் புத்தி சொல்கிறீர்கள். நல்ல புத்தி. எங்கள் காலத்தில் மரத்துக்குக் கீழே விடாதவனைத்தான் விசரன் என்றோம். வெளியில் நின்ற வாகனம் வானத்திலிருந்து தெரியும். அரசாங்கத்து ஹெலி வந்தால் சுடுவதற்கு முதலில் தேடுவது தெருவில் அசைகிறதை, அடுத்தது மினுங்குகிறதை. அதனால் காணியில் எந்த மரம் பெரிதோ அதற்குக் கீழே கார் போய்விடும். வேம்பு உள்ள வீட்டுக் காரில் வேப்பம் பிசின், பலா உள்ள வீட்டுக் காரில் பலாப்பால். காரைப் பார்த்தே வீட்டுக் காணியைச் சொல்லலாம். தொண்ணூறுக்குப் பிறகு பெற்றோல் இல்லை. சவர்க்காரத்துக்குப் பதிலாகப் பனங்களியால் உடுப்புத் தோய்த்தோம். கரண்டும் இல்லை, வீட்டு விளக்குகள் மண்ணெண்ணெயில் எரிந்தன, கார்களும் அதிலேயே ஓடின. ஸ்ராட் ஆவதற்கு மட்டும் ஒரு சொட்டுப் பெற்றோலை மருந்துப் போத்தலில் வைத்திருந்து ஊற்றுவார்கள்.

அந்த நாட்களில் எங்களோடு வேலை செய்த ஒருவர், ஒரு வாத்தியாரின் காரில் இருந்த வேப்பம் பிசினுக்கு ஒரு போத்தல் மண்ணெண்ணெயை ஊற்றித் தேய்த்துக்கொண்டிருந்தார். பிசின் அப்படியே இருந்தது. முதலாளி வந்து பார்த்தார். சத்தம் போடவில்லை. "தம்பி, நீ இப்ப ஒரு வீட்டை இருட்டாக்கிப்போட்டாய்" என்றார். பிறகு ஒரு சாக்கைக் கிணற்றில் நனைத்துப் பிசினின் மேல் போட்டுவிட்டுத் தேத்தண்ணி குடிக்கப் போய்விட்டார். திரும்பி வந்து இரண்டு விரலால் பிசினை எடுத்தார். அந்த மனிதர் அதன் பிறகு மரம் எது என்று கேட்காமல் ஒரு காரையும் தொட்டதில்லை.

முதலாளி பிசின் பிடித்த கார் வந்தால் இரண்டு கேள்வி கேட்பார். எந்த மரம் என்பது முதலாவது. ஏன் அங்கே விட்டீர்கள் என்பது இரண்டாவது. முதலாவது எனக்கு விளங்கியது. இரண்டாவதை மனிதர் பேச்சுக் கொடுக்கிறார் என்றுதான் கனகாலம் நினைத்திருந்தேன். சிலர் நிழலுக்கு விட்டோம் என்பார்கள். சிலர் வானத்துக்கு ஒளித்திருப்பார்கள், சிலர் தெருவால் வாகனம் கேட்டு வருகிறவர்களுக்கு ஒளித்திருப்பார்கள். ஆளுக்கு ஏற்றபடி முதலாளி வேலையைக் கூட்டுவார், குறைப்பார். காரணம் சொல்ல மாட்டார்.

குருநகர்ச் சம்மாட்டியார் ஒருவர் தன் காரைக் கொண்டு வந்தபோதுதான் அந்தக் காரணம் எனக்கு வெளித்தது. சம்மாட்டி என்றால் சொந்தமாகப் படகும் வலையும் வைத்து ஆட்களைக் கொண்டு தொழில் செய்பவர். இவருக்கு மூன்று படகுகள் இருந்தன. கடலுக்குப் போகக் கூடாது என்று தடை வந்தது. பிறகு யாழ்ப்பாணக் கோட்டைப் பக்கத்துச் சண்டையில் குருநகர் வெறித்துப் போனது. குடும்பத்தோடு புத்தூருக்கு வந்துவிட்டார். படகுகள் அங்கேயே வெயிலில் வெடித்துப் போயின. அவரோடு வந்தது ஒரு வெள்ளை ஏ-40 கார் மட்டும். இறால் நன்றாகப் பட்ட காலத்தில் வாங்கியது. அதை வாடகைக்கு ஓடித்தான் குடும்பம் நடந்தது. சம்மாட்டி வீடு என்று ஆட்கள் இன்னும் சொல்வதற்கு மிஞ்சியிருந்த ஒரே பொருளும் அதுதான்.

புத்தூரில் அவருக்கு இடம் கொடுத்தவர் கந்தையா அண்ணை என்ற கமக்காரர். வெங்காயத் தோட்டக்காரர், சுத்த சைவம். சம்மாட்டி குடும்பம் மீன் மச்சம் சமைப்பதற்கென்று காணியின் பின்பக்கத்தில் தானே ஒரு கொட்டில் போட்டுக் கொடுத்துவிட்டு, பொரியல் மணம் எழும்பினால் தோட்டத்துக்குப் போய்விடுவார். கார் நிற்க அவர் கொடுத்தது வீட்டுக்கு முன்னால் நின்ற கறுத்தக்கொழும்பான் மாமரத்தின் அடி. பெரிய மரம். உச்சி வெயில்கூட அதற்குக் கீழே விழாது.

இரண்டு மாம்பழக் காலம் அதற்குக் கீழே நின்ற பிறகு கார் எங்களிடம் வந்தது. சம்மாட்டியாரின் மகள் ஜெசிக்குக் கலியாணம் முற்றாகியிருந்தது. அச்சுவேலிப் பக்கத்துத் தேவாலயத்தில் தாலி கட்டு. மாப்பிள்ளை பகுதி பாசையூர். அவர்களும் இடம்பெயர்ந்தவர்கள்தான், ஆனால் வெளிநாட்டில் ஆட்கள் இருந்தார்கள், முகத்தில் அது தெரியும். பொம்பிளை தன் தகப்பனின் காரில், வாங்கிய நாளில் இருந்த வெள்ளையோடு, கோவில் வாசலில் இறங்க வேண்டும். சம்மாட்டியார் கேட்டது அவ்வளவுதான்.

காரைச் சுற்றிப் பார்த்தோம். கூரையைக் கூரை என்று சொல்ல முடியாது. பால் சொட்டி, பாலில் பூ ஒட்டி, பூவில் சருகு ஒட்டி, சருகில் புழுதி படிந்து, அதற்கு மேல் மறுபடி பால் சொட்டி, விரல் மொத்தத்துக்குத் தோல் பிடித்திருந்தது. போனற்றும் டிக்கியும் அப்படியே. பக்கங்களில் வழிந்து புள்ளி புள்ளியாக நின்றது. இடப்பக்கத்துக் கதவுகள் இரண்டிலும் நூற்றுப் பதினேழு புள்ளிகள். நான் எண்ணுவதை முதலாளி கண்டுவிட்டார்.

"எண்ணினால் கழருமோ?" என்றார்.

பக்கங்களில் வேலையைத் தொடங்கினோம். எண்ணெய் தோய்த்த பழைய வேட்டித் துண்டுகளை ஒட்டி, பொறுத்திருந்து, துடைத்து, மறுபடி ஒட்டினோம். சுட்டிருந்த இடங்களுக்கு வெள்ளை தொட்டு மினுக்கினோம். எப்படிச் செய்தோம் என்பதை விடுங்கள், உங்கள் டப்பா அதைவிடக் கெதியாகச் செய்யும். அடுத்த நாள் மத்தியானம் சம்மாட்டியாரும் கந்தையா அண்ணையும் வேலை எந்த அளவில் என்று பார்க்க ஒரே சைக்கிளில் வந்தார்கள், மிதித்தது சம்மாட்டியார். தன் மரம் செய்த அநியாயத்தைத் தானும் பார்க்க வேண்டும் என்று கந்தையா அண்ணை சொன்னார். கழுவிய கதவில் தன் முகம் தெரிவதைக் கண்டதும் சம்மாட்டியாரின் கண் கலங்கியது. அவர் கூரையைப் பற்றிக் கேட்க வாயெடுத்த நேரம்தான் குண்டு போட வரும் பொம்மரின் சத்தம் கேட்டது.

கராஜின் பின்னால் பனங்குற்றி அடுக்கிய பங்கர்க் குழி இருந்தது. நாலு பேரும் உள்ளே இறங்கினோம். முழங்காலில் வருத்தம் இருந்தபடியால் கந்தையா அண்ணையை நான் கையில் பிடித்துத்தான் இறக்க வேண்டியிருந்தது. குந்தியிருந்தபோதும் பகிடி அவரை விட்டுப் போகவில்லை.

"சம்மாட்டியார், உம்மடை கார் என்ரை மரத்துக்குக் கீழை நிண்டு நிண்டு இந்தமுறை தானும் பூக்கப் போகுதெண்டெல்லோ பாத்தன். இவை சுரண்டிப்போட்டினம்."

சம்மாட்டியார் சிரிக்கவில்லை. கூரைக்கு எப்போது கை வைப்பீர்கள் என்று முதலாளியைக் கேட்டார். கூரை, போனற், டிக்கி மூன்றிலும் கை வைக்கப் போவதில்லை என்று முதலாளி சொன்னார். முதலில் அவருக்கு விளங்கவில்லை. பிறகு முகம் சிவந்தது.

"அப்ப அரைவாசி வேலையோ? பாதி துடைச்ச காரிலையோ என்ரை பிள்ளை போறது?"

"பக்கத்தை மனிசர் பாக்கினம், சம்மாட்டியார். அதை எடுத்துத் தாறன். மேல்பக்கத்தைப் பாக்கிறவன் வேறை."

"மேலை இருந்து பாக்கிறவர் ஆண்டவர். அவருக்கு நான் கூச்சப்படத் தேவையில்லை."

அந்த நேரம் பொம்மர் தாழ வந்தது. மண் உதிர்ந்து எங்கள் தலையில் விழுந்தது. எங்கேயோ வடக்கே இரண்டு வெடி. கந்தையா அண்ணை தலையைத் தட்டிக்கொண்டு சொன்னார்:

"ஆண்டவர் இப்ப கொஞ்சம் பொறுக்கத்தான் வேணும். அவருக்குக் கீழை உவன் ஒருத்தன் நிண்டு பாக்கிறான், கேக்குதோ?"

எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. சம்மாட்டியார் அசையவில்லை. தலைக்கு மேலே பொம்மர் சுற்றிக்கொண்டிருக்க, அந்தக் குழிக்குள் இருந்தபடியே கூரையை வெள்ளையாக்கித் தா என்று அவர் கெஞ்சினார். மூன்று படகு போனதையும், மாப்பிள்ளையின் பெரியம்மா முதல் நாளே காரைப் பற்றி விசாரித்ததையும் சொன்னார். கடைசியில் குரல் தாழ்ந்தது.

"முதலாளி, என்ரை பிள்ளை ஒருநாள்தானே கலியாணம் கட்டுறாள்."

"அந்த ஒருநாளுக்காகத்தான் சொல்லுறன்" என்றார் முதலாளி.

உண்மையைச் சொன்னால் எனக்கும் அப்போது முதலாளியின் பிடிவாதம் பிடிக்கவில்லை. கேட்டதைச் செய்து கொடுத்துவிட்டுப் போகலாமே, கார் அவருடையது, கலியாணம் அவருடையது. ஆனால் முதலாளி அந்த இரண்டாவது கேள்வியைக் காரை வாங்கும்போதே கேட்டிருந்தார். ஏன் மரத்துக்குக் கீழே விட்டீர்கள் என்றதற்கு, ஹெலிக்குப் பயந்து என்று சம்மாட்டியாரே சொல்லியிருந்தார். அந்தக் கூரையில் இருந்ததும் அந்த மரத்தின் ஒரு பகுதிதான். மரத்தடியை விட்டுத் தெருவில் இறங்கும்போது அந்தப் பகுதியாவது காரோடு போகட்டும் என்பது முதலாளியின் கணக்கு. இதை அவர் எனக்குச் சொல்லவில்லை. பின்னால் நானாகக் கூட்டிப் பார்த்தது.

கலியாணத்தன்று காலை கந்தையா அண்ணை கூரையின் மேல் மாங்குழை கட்டினார். மாவிலை உங்கடை கோயிலுக்கும் ஆகும், ஆகாதெண்டு பங்குச் சுவாமி சொன்னால் நான் வந்து கதைக்கிறன் என்றாராம். சம்மாட்டியாரும் இருக்கட்டும் என்று விட்டிருக்கிறார். எங்களுக்கும் அழைப்பு இருந்தது. நானும் முதலாளியும் சைக்கிளில் காருக்குப் பின்னால் போனோம். பக்கத்திலிருந்து பார்த்தால் அன்று வாங்கிய கார். நான் பொய் சொல்லவில்லை, அந்தக் கதவுகளில் வெங்காயத் தோட்டங்கள் முழுவதும் ஓடிக்கொண்டு போயின.

பாதி வழியில் ஹெலி எழும்பி வந்தது. இரண்டு பக்கமும் வெட்டவெளி. மரம் இல்லை. காரை நடுத்தெருவில் விட்டுவிட்டு எல்லோரும் இறங்கி ஓடி, தள்ளியிருந்த ஒரு வாழைத் தோட்டத்துக்குள் விழுந்தோம். ஜெசி வெள்ளைச் சாறியோடு தண்ணி பாய்ந்த பாத்தியில் குப்புறக் கிடந்தாள். ஹெலி தெருவுக்கு மேலே ஒரு சுற்றுச் சுற்றியது. நான் அதன் சத்தத்தை எண்ணிக்கொண்டு கிடந்தேன். பிறகு அது கிழக்கே போய்விட்டது. கார் தெருவில் நின்ற இடத்தில் நின்றது. வாழைத் தோட்டத்து வரம்பில் ஏறி நின்று பார்த்தபோது, எனக்கே அதன் மேல்பக்கம் தெருப்புழுதியில் கிடந்த குப்பை மாதிரித்தான் தெரிந்தது.

சம்மாட்டியார் அந்தோனியாருக்கு நன்றி சொன்னார். சொல்லட்டும். முதலாளி சைக்கிளை நிமிர்த்தினார்.

தேவாலய வாசலில் கார் போய் நின்றதும் மாப்பிள்ளையின் பெரியம்மா படியில் நின்றபடி கூரையைப் பார்த்தார். பிறகு ஜெசியின் சாறியில் இருந்த சேற்றைப் பார்த்தார். பக்கத்தில் நின்றவர்களுக்குக் கேட்கத்தக்கதாகச் சொன்னார்:

"முகத்துக்குப் பவுடர் போட்டு, தலைக்குத் தண்ணி வாக்காமல் கூட்டிக்கொண்டு வந்திருக்கினம்."

சனம் சிரித்தது. ஜெசி நிலத்தைப் பார்த்தாள். படமெடுக்கிறவர் மேல்படியில் நின்று எடுத்தார், அதனால் படத்தில் பொம்பிளைக்குப் பின்னால் விழுந்தது அந்தக் கூரைதான். நடக்காமல் போன ஒன்றைப் படமெடுக்க ஒருவராலும் முடியாது. தம்பி தங்கச்சிமாரே, எங்கள் தொழிலின் வயிற்றெரிச்சல் இதுதான். செய்த வேலை தெரியும், செய்யாமல் விட்ட வேலை குறையாகத் தெரியும், அந்தக் குறை எதைத் தடுத்தது என்பது மட்டும் ஒருவருக்கும் தெரியாது.

அதன் பிறகு சந்தையில் அந்தக் காருக்குப் பேர் வைத்துவிட்டார்கள். அரைச்சவரம். அரைச்சவரம் வருது, அரைச்சவரத்திலை ஏறு என்று வாடகைக்கு வருகிறவர்களே சொல்லத் தொடங்கினார்கள். கடலில் எத்தனையோ காற்றைப் பார்த்த மனிதருக்கு அந்தச் சொல்லைத் தாங்க முடியவில்லை. மாப்பிள்ளை வீட்டுக்குப் போகும்போது காரை எடுக்காமல் சைக்கிளில் போனார் என்று கந்தையா அண்ணைதான் எங்களிடம் வந்து சொன்னார். சம்மாட்டியாரிடம் போய் விளங்கப்படுத்துங்கள் என்று முதலாளியிடம் நான் சொன்னேன். பங்கருக்குள்ளே விளங்காதது பந்தலுக்குள்ளே விளங்காது என்றார்.

பிறகு ஒரு நாள் காலை எங்கள் வாசலில் ஹோர்ண் சத்தம். சம்மாட்டியார். கார் வெளிச்சத்தில் நின்றது. கண்ணைச் சுருக்கிக்கொண்டுதான் பார்க்க முடிந்தது. வேறு கராஜ் ஒன்றில் கொடுத்துக் கூரை, போனற், டிக்கி எல்லாவற்றிலும் இருந்ததை எடுப்பித்து, சுட்ட வடுவுக்கு மேல் வெள்ளையும் அடிப்பித்திருந்தார். வாடகை ஓட்டத்துக்கென்று சேர்த்து வைத்திருந்த மண்ணெண்ணெயை அதற்குக் கூலியாகக் கொடுத்ததாகச் சொன்னார். இறங்கவில்லை. ஆசனத்தில் இருந்தபடியே முதலாளியைப் பார்த்தார்.

முதலாளி கூரையைச் சுற்றி வந்தார். கை வைக்கவில்லை. "காரை எங்கை விடுறியள்?" என்று கேட்டார்.

"இனி மரத்துக்குக் கீழை விடுவனோ? மறுபடி பால் விழுமே."

முதலாளி காரின் ஜன்னலுக்குக் குனிந்தார். "விழட்டும், சம்மாட்டியார். விழுந்தால் கொண்டு வாங்கோ, நான் சும்மா எடுத்துத் தாறன்" என்றார். அவர் ஒரு வாடிக்கையாளரைக் கெஞ்சி நான் கண்டது அந்த ஒரு முறைதான். சம்மாட்டியார் தலையாட்டிவிட்டுக் காரை எடுத்தார். அந்தத் தலையாட்டலில் ஓமும் இல்லை, இல்லையும் இல்லை.

விடுகிறேன் என்று சொன்னவர்கள் கூடத் துடைத்த காரை மரத்துக்குக் கீழே விட மாட்டார்கள். இதை நான் எத்தனையோ பேரிடம் பார்த்துவிட்டேன். அழுக்காக இருக்கும் வரைக்கும்தான் ஒளித்து வைக்க மனம் வரும். வெள்ளையான பிறகு காட்டத்தான் வரும்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன். கந்தையா அண்ணையின் வெங்காயத்தை அவரும் சம்மாட்டியாரும் அந்தக் காரில் அச்சுவேலிச் சந்தைக்கு ஏற்றிப் போனார்கள். காலை, முகில் இல்லாத வெயில். ஹெலி வந்தது. சம்மாட்டியார் காரை நிறுத்திவிட்டுக் குதித்து வாய்க்காலுக்குள் விழுந்தார். மற்றப் பக்கத்துக் கதவைத் திறந்து கந்தையா அண்ணையை இழுக்க அவருக்கு நேரம் கிடைக்கவில்லை. அந்த முழங்காலோடு கந்தையா அண்ணைக்குத் தானாக இறங்கவும் முடியவில்லை.

கந்தையா அண்ணையின் செத்தவீடு முடிந்த பிறகு நானும் முதலாளியும் புத்தூருக்குப் போனோம். காரை விட வேறு இடம் இல்லாதபடியால் ஆட்கள் அதைத் தள்ளிக்கொண்டு வந்து அதே மாமரத்துக்குக் கீழே விட்டிருந்தார்கள். கண்ணாடி இல்லை. கூரையில் ஓட்டைகள். எத்தனை என்று எண்ணினேன், எழுத மாட்டேன். ஓட்டைகளுக்கு நடுவே பெயின்ற் அப்படியே மினுங்கிக்கொண்டிருந்தது. முதலாளி அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்து மெதுவாகத் தடவினார். பெயின்றின் தரத்தைப் பார்க்க நாங்கள் வழக்கமாகத் தடவுகிற மாதிரி.

"நல்ல வேலை" என்றார் எனக்கு மட்டும் கேட்க. "ஒரு கீறல் இல்லை."

கூரையைத் துடைத்த அந்தக் கராஜ்காரரில் நான் பிழை சொல்லவில்லை. வாடிக்கையாளர் கேட்டதைச் செய்தார், திறமாகச் செய்தார். எந்த மரம் என்றும் கேட்டிருப்பார், கேட்காமல் மாம்பாலை அப்படி எடுக்க முடியாது. மற்றக் கேள்வியைக் கேட்கவில்லை, அவ்வளவுதான். உங்களில் யாராவது அவருடைய இடத்தில் இருந்திருந்தாலும் அதையே செய்து, காரோடு நின்று படமும் எடுத்திருப்பீர்கள்.

சம்மாட்டியார் மரத்தின் வேரில் இருந்தார். எழும்பவில்லை. கந்தையா அண்ணையின் மனைவி உள்ளே இருந்து எங்களுக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டார், சம்மாட்டியாருக்கும் ஒரு கோப்பை வந்திருந்தது, ஆறிப்போய் இருந்தது. முதலாளி கிட்டப் போனதும் அவர் நிமிர்ந்தார்.

"முதலாளி, நீங்கள் சொல்லுங்கோ. கூரையாலைதானோ?"

பெயின்ற் விஷயத்தில் முதலாளி பொய் சொல்ல மாட்டார். சுட்ட வடுவைப் போகும் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை, அதற்காக வாடிக்கையாளரையே இழந்திருக்கிறார். அவர் காரைத் திரும்பிப் பார்த்தார். பிறகு குந்தி இருந்து சம்மாட்டியாரின் முகத்துக்கு நேரே சொன்னார்:

"கூரை இல்லை, சம்மாட்டியார். அவங்கள் குப்பை வண்டிலுக்கும் அடிச்சிருக்கிறாங்கள். கூரையாலை இல்லை."

சம்மாட்டியார் அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். கனநேரம் விடவில்லை.

திரும்பி வரும் வழியில் நீர்வேலி கழியும் வரை அடக்கிக்கொண்டு வந்தேன். பொறுக்க முடியாமல், நீங்கள் சொன்னது உண்மையோ என்று கேட்டேன். முதலாளி சைக்கிளை மிதித்துக்கொண்டே, எனக்குத் தெரியாது, உனக்குத் தெரியுமோ என்றார். எனக்கும் தெரியாது. இன்றுவரை தெரியாது. மினுங்காத வாகனங்களும் அடிபட்டன, மினுங்கியவை சில தப்பின. என் கணக்குப் படிப்பு முழுவதையும் வைத்துக் கூட்டிக் கழித்துப் பார்த்துவிட்டேன், விடை வரவில்லை. ஆனால் அந்த வாரத்திலிருந்து முதலாளி கராஜில் எந்தக் காரின் கூரையையும் தேய்க்க விடவில்லை. எங்களுக்கு வேலை குறைந்தது. பக்கத்துக் கராஜ்களுக்குக் கூடியது. ஒன்றரை வருடத்தில் கடையைப் பூட்டினோம். பூட்டும்போதும் காரணம் சொல்லவில்லை அவர்.

உங்கள் வாடிக்கையாளர்கள் இப்போது நிழலுக்கு மட்டும்தான் மரத்துக்குக் கீழே விடுகிறார்கள். நல்லது, அப்படியே இருக்கட்டும். ஆனாலும் கேளுங்கள். காரை வாங்கும்போது எந்த மரம் என்று கேளுங்கள், பிறகு ஏன் அங்கே விட்டீர்கள் என்றும் கேளுங்கள். ஒரு மனிதன் தன் பொருளில் அழுக்கை இருக்க விட்டிருக்கிறான் என்றால் அது எப்போதும் சோம்பல் அல்ல. கேட்க அரை நிமிடம் செல்லும். உங்கள் டப்பா அதுவரை காத்திருக்கும்.

தொண்ணூற்றைந்தில் சண்டை நெருங்கி வலிகாமத்துச் சனம் எழும்பித் தென்மராட்சிக்குப் போகத் தொடங்கியபோது நானும் சனத்தோடு புத்தூர் வழியாகப் போனேன். முதலாளி அதற்கு முன்னமே இறந்துவிட்டார். மழை. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு அந்தக் காணியைக் கடக்கும்போது நின்று பார்த்தேன். வீடு பூட்டியிருந்தது. மாமரம் நின்றது. கார் அதற்குக் கீழேயே நின்றது. இடையில் வந்து போன மாம்பழக் காலங்களின் பாலும் பூவும் சருகும் கூரையின் ஓட்டைகளைக்கூட மூடி, பழையபடி விரல் மொத்தத்துக்குத் தோல் பிடித்திருந்தது. ஒருவரும் துடைக்கவில்லை. மேலிருந்து பார்க்கிற எவனுக்கும் இனி அது தெரியாது.